ஒரே ஒரு பிட் மாறியிருக்கிறது: கதிர்வீச்சா, ரேம் கோளாறா?

இராக்கோழி கேட்டது:

சுருக்கமாகத்தான் ஆரம்பிக்கிறேன், நீண்டுவிட்டால் மன்னிக்கவும். பத்து வருடப் புகைப்படங்களை ஒரு வட்டில் வைத்திருக்கிறேன், அதையே இன்னொரு வட்டுக்கும் நகலெடுத்திருக்கிறேன். ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) கணக்கிட்டுப் பட்டியலாக வைக்கும் பழக்கம் உண்டு, வீட்டில் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். போன வாரம் ஒத்துப் பார்த்தபோது நகல் வட்டில் ஒரு கோப்பு மட்டும் பொருந்தவில்லை. மூலத்தையும் நகலையும் பைட் பைட்டாக ஒப்பிட்டேன். 11 மெகாபைட் கோப்பில் ஒரே ஒரு பைட்தான் வேறு. மூலத்தில் 01101011, நகலில் 00101011. இடமிருந்து இரண்டாவது பிட், 1 ஆக இருந்தது 0 ஆகிவிட்டது. மற்ற எல்லாம் அப்படியே இருக்கிறது.

வட்டின் ஆரோக்கிய அறிக்கை சுத்தம். கணினி எப்போதும் முடங்கியதில்லை, நீலத் திரை பார்த்ததே இல்லை. ரேம் 32 ஜிபி, இரண்டு குச்சிகள், இசிசி (பிட் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் வசதி) கிடையாது.

தேடிப் பார்த்தால் எல்லாரும் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் என்கிறார்கள். இன்னும் கொஞ்சம் தேடினால் கான்கிரீட், செங்கல், கருங்கல், நம் உடம்பிலிருக்கும் பொட்டாசியம் என்று எல்லாமே கதிர்வீசிக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. என் மேசையின் மேல்பலகை கருங்கல். கணினி அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சிரிக்க வேண்டாம், நிஜமாகவே கேட்கிறேன்: இந்தப் பின்னணிக் கதிர்வீச்சு சாதாரணக் கணினியை எவ்வளவு தூரம் பாதிக்கும்? இடம் மாற்ற வேண்டுமா, ஈயத் தகடு வைக்க வேண்டுமா, அல்லது இது ரேம் கோளாறுக்குச் சொல்லப்படும் கௌரவமான சாக்கா?

---

வெட்டிப்பயல்42:

ப்ரோ, இது காஸ்மிக் கதிரேதான். ஐபிஎம் 90-களிலேயே சொல்லிவிட்டது, 256 மெகாபைட் ரேமுக்கு மாதம் ஒரு பிட் புரளும் என்று. உங்களிடம் இருப்பது 32 ஜிபி, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெல்ஜியத்தில் 2003 தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4096 ஓட்டு கூடுதலாக விழுந்த கதை தெரியும்தானே. மேசையை விற்றுவிடாதீர்கள், கதிர் மேலிருந்து வருகிறது.

---

சிலிக்கான் சித்தர்:

வெட்டிப்பயல் போடச் சொன்ன கணக்கை நானே போடுகிறேன். 32 ஜிபி என்றால் 256 மெகாபைட் போல 128 மடங்கு. மாதம் 128 பிழை, நாளைக்கு நான்கு. அப்படி இருந்தால் இசிசி பொருத்திய ஒவ்வொரு சர்வரின் பிழைப் பதிவேடும் தினமும் நிரம்பி வழிய வேண்டும். அப்படி வழிவதில்லை, பெரும்பாலான எந்திரங்களில் மாதக்கணக்கில் பதிவு காலியாகவே கிடக்கும். அந்த எண் அந்தக் காலத்துச் சிப்புகளுக்கானது. அதை இன்றைய ரேமின் அளவால் பெருக்கிச் சுற்றுக்கு விடுவது இணையத்தின் பழைய பழக்கம்.

நான் சில வருடம் மெமரி சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, கதிர்வீச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து சிப்பையே கெடுப்பது. இன்னொன்று, ஒரே ஒரு துகள் வந்து ஒரு பிட்டைத் தட்டிவிட்டுப் போவது. முதலாவதை வீட்டில் மறந்துவிடலாம். மனிதருக்கு இயற்கையாகக் கிடைக்கும் கதிர்வீச்சின் உலக சராசரி வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட், அதிலும் பாதிக்கு மேல் நாம் மூச்சில் இழுக்கும் ரேடானால் வருவது, சிப்புக்கு நுரையீரல் இல்லை. மீதி சுமார் ஒரு மில்லிகிரே என்று வைத்துக்கொள்வோம் (கிரே என்பது ஒரு பொருளில் படியும் கதிர்வீச்சின் அளவு). சாதாரணக் கடைச் சிப்பு தடுமாறத் தொடங்கவே பல பத்து கிரே வேண்டும். அதாவது பல்லாயிரம் வருடம் அந்தக் கருங்கல் மேலேயே கிடக்க வேண்டும்.

இரண்டாவதுதான் உங்கள் கேள்வி. டிரேமில், அதாவது உங்கள் ரேம் குச்சியில் இருக்கும் சிப்பில், ஒரு பிட் என்பது ஒரு குட்டி மின்தேக்கியில் இருக்கும் சில பத்தாயிரம் எலக்ட்ரான்கள், அவ்வளவுதான். சிலிக்கானில் ஒரு எலக்ட்ரான்-துளை ஜோடியை (விடுபட்ட எலக்ட்ரானும் அது விட்டுப்போன காலியிடமும்) உண்டாக்க சுமார் 3.6 எலக்ட்ரான் வோல்ட் போதும். 5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆல்பா துகள் ஒன்று உள்ளே நுழைந்தால் ஏறக்குறைய 25 மைக்ரான் தூரத்துக்குள் தன் ஆற்றலை எல்லாம் கொட்டிவிட்டு நின்றுவிடும், சுமார் 14 லட்சம் ஜோடிகள். மைக்ரானுக்குச் சராசரியாக ஐம்பதாயிரத்துக்கு மேல். பிட்டில் இருப்பதே அந்த அளவுதான் என்றால் என்ன ஆகும் என்று புரியும்.

இப்போது உங்கள் கருங்கல். அதில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 எல்லாம் உண்டு, அவற்றிலிருந்து ஆல்பாவும் கிளம்புகிறது. ஆனால் ஆல்பாவை ஒரு தாள் தடுத்துவிடும், கணினியின் பெட்டியைத் தாண்டிச் சிப்பின் உறையையும் தாண்டி வர வழியே இல்லை. உள்ளே வரக்கூடியது காமா. அது சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானை உதைத்துவிடும், வேகமான எலக்ட்ரான் மைக்ரானுக்கு எண்பது ஜோடி போல உண்டாக்கியபடி ஓடிப்போகும். ஐம்பதாயிரம் எங்கே, எண்பது எங்கே. தூறலில் குடம் நிரம்பாது. கருங்கல்லுக்கு விடுதலை.

அப்போ எது தட்டும்? இரண்டே ஆட்கள். சிப்பின் உறைக்குள்ளேயே, சிலிக்கானை ஒட்டியபடி இருக்கும் ஆல்பா. மேலிருந்து வரும் நியூட்ரான்.

முதல் ஆளின் கதை சுவாரசியமானது. 1970-களின் கடைசியில் இன்டெலின் 16 கிலோபிட் டிரேம்கள் காரணமே இல்லாமல் பிட் மாற்றின. திமொத்தி மே, மர்ரே வுட்ஸ் என்ற இருவர் துருவிப் பார்த்து, பீங்கான் உறையில் கலந்திருந்த துளியூண்டு யுரேனியமும் தோரியமும்தான் காரணம் என்று 1979-இல் கட்டுரை எழுதினார்கள். அந்த உறைகள் செய்த ஆலை பழைய யுரேனியச் சுரங்கத்துக்குக் கீழ்ப்புறம் ஓடிய ஆற்றங்கரையில் இருந்தது, அந்தத் தண்ணீரே உள்ளே போயிருக்கிறது என்று பின்னால் ஐபிஎம் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஐபிஎம் மட்டும் தப்பியதா என்றால் இல்லை. 1987-இல் அவர்களுடைய மெமரியில் திடீரென்று பிழை எகிற, மாதக்கணக்கில் தேடிப் பிடித்தால் அமில பாட்டில்களைக் கழுவும் எந்திரத்திலிருந்து பொலோனியம்-210 கசிந்திருக்கிறது. பாட்டில் கழுவுகிற எந்திரம்! அப்புறம்தான் ஆல்பா குறைந்த பிசின், ஆல்பா குறைந்த பற்றாசு என்று தனி வகைப் பொருட்களே வந்தன.

நியூட்ரான் வேறு மாதிரி. காஸ்மிக் கதிர் வளிமண்டல அணுக்களை மோதி உடைக்கும்போது கிளம்பும் சிதறல்களில் கீழே வரை வந்து சேருவது பெரும்பாலும் அதுதான், சிப்புக்குக் கெடுதல் செய்வதும் அதுதான். நியூயார்க்கில் கடல் மட்டத்தில் 10 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட நியூட்ரான்கள் மணிக்கு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 13 என்பது துறையில் எல்லாரும் அளவுகோலாக வைத்திருக்கும் எண். அதற்கு மின்சுமை இல்லை, அதனால் நேரடியாக எதையும் செய்யாது. சிப்பின் மேற்பரப்பிலிருக்கும் மெல்லிய அடுக்கைப் பல்லாயிரம் நியூட்ரான்கள் சும்மா ஊடுருவிப் போகும். என்றோ ஒன்று சிலிக்கான் அணுக்கருவையே மோதி உடைக்கும், அந்தத் துண்டுகள் ஆல்பாவையும் விட அடர்த்தியாக மின்சுமையைக் கொட்டும். அப்போதும் பிட் புரளுவதற்கு அந்தச் சிதறல் சரியான இடத்தில் விழ வேண்டும். இன்றைய டிரேமில் ஒவ்வொரு செல்லும் மின்சுமையைச் சேகரிக்கும் இடம் மிகச் சிறியது, மின்தேக்கியின் கொள்ளளவோ அந்த அளவுக்குச் சுருங்கவில்லை, அதனால் பிட் ஒன்றுக்கான பிழை விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பிராசசருக்குள் இருக்கும் கேஷ் என்ற குட்டி மெமரி, அது எஸ்ரேம் என்ற வேறு வகை, அந்த அளவுக்குத் தப்பிக்கவில்லை. அதனால்தான் அங்கே பாரிட்டியும் (பிழையைக் காட்டிக்கொடுக்கும், திருத்தாது) இசிசியும் கேட்காமலேயே போட்டுத் தருகிறார்கள்.

---

சர்வர்_காவலன்:

சித்தர் அறிவியலைச் சொல்லிவிட்டார், நான் சர்வர்களுக்குக் காவல் வேலை பார்க்கிறவன், தடயத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

இராக்கோழி, உங்கள் வட்டில் பிட் மாறவில்லை. வட்டில் ஒவ்வொரு செக்டருக்கும் அதற்கே உரிய திருத்தக் குறியீடு உண்டு. அங்கே ஒரு பிட் கெட்டால் அது சத்தமில்லாமல் திருத்தப்படும், திருத்த முடியாத அளவுக்குக் கெட்டால் படிக்கும்போது பிழை வரும், மொத்த செக்டரும் கிடைக்காது. மற்றதெல்லாம் சரியாக இருக்க ஒரே ஒரு பிட் மட்டும் நைசாக மாறி வருவது வட்டின் கைவேலை இல்லை. நகலெடுக்கும்போது கோப்பு ரேம் வழியாகத்தான் போகிறது, அங்கே தங்கிய நேரத்தில் மாறியிருக்கிறது, மாறியதை வட்டு மிக விசுவாசமாக எழுதிக்கொண்டு அதற்கும் சேர்த்துத் திருத்தக் குறியீடு போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறது.

சரி, ரேமில் மாறியது. கதிரா, கோளாறா? கூகுள் 2009-இல் தன் சர்வர்களின் மெமரிப் பிழைகளை இரண்டரை வருடம் கணக்கெடுத்து வெளியிட்டது. வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு எந்திரங்கள் குறைந்தது ஒரு திருத்தப்பட்ட பிழையாவது கண்டிருந்தன, ரேம் குச்சிகளில் எட்டு சதவீதத்துக்கு மேல். இதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் ஆ, காஸ்மிக் கதிர் என்றார்கள். கட்டுரையைப் படித்தால் நேர்மாறாக இருக்கிறது. பிழைகள் எல்லா எந்திரத்துக்கும் சமமாகப் பரவியிருக்கவில்லை. ஒரு முறை பிழை கண்ட குச்சியே திரும்பத் திரும்பக் காண்கிறது. கதிர் அப்படிச் செய்யாது. அதற்கு ஞாபகம் கிடையாது, போன மாதம் எந்தக் குச்சியை அடித்தோம் என்று பார்த்து அதே குச்சிக்கு வராது. அந்தக் கட்டுரையின் முடிவும் இதுதான், பெரும்பாலானவை வன்பொருள் சார்ந்த கோளாறுகள்.

என் அனுபவமும் அதேதான். ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு சர்வர் வாரம் ஒரு முறை திருத்தப்பட்ட பிழை ஒன்றைப் பதிவு செய்யும். எனக்கு முன்னால் இருந்தவர் சூரியப் புயல் என்று குறிப்பெழுதி மூடி வைத்திருந்தார், கையெழுத்தோடு. நான் பதிவுகளை வரிசையாக அடுக்கினேன், ஏழு பிழையும் ஒரே முகவரி. குச்சியை மாற்றினோம், சூரியன் அடங்கிவிட்டது.

எனவே செய்ய வேண்டியது: ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை யுஎஸ்பியில் ஏற்றி அதிலிருந்து கணினியைத் துவக்கி ஒரு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரு சுற்று முடிந்து பச்சை காட்டியதும் நிறுத்திவிடாதீர்கள்.

---

இராக்கோழி:

இருவருக்கும் நன்றி, கருங்கல்லைப் பற்றி இனிக் கவலை இல்லை. நேற்று இரவு ஓட விட்டேன். நான்கு சுற்று, பிழை பூஜ்ஜியம். அப்போ வெட்டிப்பயல் சொன்னதுதானே சரி? ஈயத் தகடு கேள்விக்கும் யாரும் பதில் சொல்லவில்லை. அப்புறம் புதிய கணினி வாங்கினால் டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேமில் இசிசி உள்ளேயே இருக்கிறதாமே, அது போதுமா?

---

வெட்டிப்பயல்42:

பார்த்தீர்களா. பூஜ்ஜியம். நான் எதுவும் சொல்லவில்லை.

---

சிலிக்கான் சித்தர்:

ஈயம் வேண்டாம். ஈயம் காமாவுக்கு நல்லது, நியூட்ரானுக்கு அது ஏறக்குறைய ஜன்னல் மாதிரி. அதைவிட வேடிக்கை, ஈயமே ஆல்பாவின் ஊற்று. அதில் ஈயம்-210 என்ற கதிரியக்க வகை கொஞ்சம் கலந்திருக்கும், அரை ஆயுள் 22 வருடம், அது சிதைந்து பொலோனியமாகி ஆல்பா விடும். பெட்டிக்கு வெளியே இருந்தால் பரவாயில்லை, சிப்புக்கு அடியில் பற்றாசாக இருந்தால்தான் வம்பு. இதனால்தான் மிக நுட்பமான அளவீடு செய்கிறவர்கள் பழைய ஈயத்தைத் தேடி அலைகிறார்கள், சார்டினியத் தீவுக்கு அருகே கடலில் மூழ்கிய ரோமானியக் கப்பலிலிருந்து எடுத்த ஈயக் கட்டிகளை இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ நிலத்தடி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாயிரம் வருடத்தில் அந்த 210 எல்லாம் தீர்ந்துபோயிருக்கும். நம் கதைக்குச் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நியூட்ரானைத் தடுக்க கான்கிரீட் வேண்டும், அதுவும் மீட்டர் கணக்கில். பல மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தாலே கொஞ்சம் குறையும். உயரம்தான் பெரிய காரணி. 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வரில் கடல் மட்டத்தைப் போல மூன்று நான்கு மடங்கு, பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தில் சில நூறு மடங்கு. ஐபிஎம் ஆய்வாளர்கள் இதை நேரடியாகவே பார்த்தார்கள், ஒரே வகை மெமரியைச் சுமார் 3,100 மீட்டர் உயரத்திலுள்ள அமெரிக்க மலை ஊரான லெட்வில்லிலும், தாழ்ந்த ஊரிலும், நிலத்துக்கடியிலும் வைத்து எண்ணினார்கள். மலை மேல் அதிகம், நிலத்துக்கடியில் காஸ்மிக் பங்கு காணாமலே போனது.

இன்னொரு ரகசிய ஆளும் இருந்தான், போரான். பழைய சிப்புகளில் கண்ணாடி அடுக்கில் போரான் சேர்ப்பார்கள், இயற்கைப் போரானில் ஐந்தில் ஒரு பங்கு போரான்-10. அது மெதுவாக நகரும் நியூட்ரானையும் லபக்கென்று விழுங்கி ஆல்பாவாகவும் லித்தியமாகவும் பிளக்கும். 90-களின் நடுவில் இதைக் கண்டுபிடித்த பிறகு அந்த அடுக்கையே எடுத்துவிட்டார்கள்.

மெம்டெஸ்ட் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். நான்கு சுற்று சுத்தம் என்றால் நான்கு சுற்றில் அகப்படவில்லை என்றுதான் பொருள். பலவீனமான செல் சூட்டில்தான் வாலாட்டும், சார்ஜ் சீக்கிரம் கசியும். கணினி நன்றாகச் சூடான பிறகு ஓட விடுங்கள். இதற்கிடையில் எனக்கு ஒரு தகவல் வேண்டும். மாறிய அந்த பைட் கோப்பில் எத்தனையாவது? பூஜ்ஜியத்திலிருந்து எண்ணிச் சொல்லுங்கள்.

---

சர்வர்_காவலன்:

டிடிஆர்5-க்கு நான் சொல்கிறேன். சிப்புக்குள் இருக்கும் அந்த இசிசி 128 பிட்டுக்கு 8 பிட் காவல் வைத்து, சிப்புக்குள் ஒரு பிட் பிசகினால் திருத்தும். செல்கள் அவ்வளவு சிறியதாகிவிட்டதால் தயாரிப்பாளருக்கே அது தேவைப்பட்டது, நம் மேல் கருணையால் வந்ததல்ல. சிப்பிலிருந்து பிராசசருக்கு வரும் வழியில் கெட்டால் அதற்குத் தெரியாது. முக்கியமாக, திருத்தியதை நம்மிடம் சொல்லாது. உண்மையான இசிசி 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாகக் கூடவே பயணிக்க, ஒரு பிட் பிழையைத் திருத்தி இரண்டு பிட் பிழையைக் கண்டுபிடித்துப் பதிவேட்டில் முகவரியோடு எழுதும். திருத்துவதை விட அந்தப் பதிவுதான் எனக்குப் பெரிது. இசிசி இருந்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 ஜனவரியில் இதற்காகத்தான் பொரிந்து தள்ளினார், சாதாரணக் கணினிகளில் இசிசி கிடைக்காமல் செய்துவிட்டார்கள் என்று. அடுத்த வருடமே அவருடைய சொந்தக் கணினியில் ஒரு ரேம் குச்சி போய்க் கெர்னல் வேலை தடைப்பட்டது.

---

நேரங்கெட்டவன்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எல்லாரும் ரேம் கோளாறு ரேம் கோளாறு என்று சொல்லிச் சொல்லிக் கதிரே கட்டுக்கதை என்கிற மாதிரி ஆகிவிட்டது. அப்படி இல்லை. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1976-இல் அங்கே முதல் க்ரே-1 கணினியை ஆறு மாதம் ஓட்டிப் பார்த்ததில் 152 மெமரிப் பிழை. அந்த முதல் எந்திரத்தில் திருத்தும் வசதி இல்லை, பிறகு வந்தவற்றில் சேர்த்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து அதே இடத்தில் கியூ என்ற சூப்பர் கணினி எதிர்பார்த்ததை விட அடிக்கடி விழுந்தது, கேஷின் ஒரு பகுதியில் பாரிட்டி மட்டும் இருந்தது, திருத்தம் இல்லை. ஆயிரக்கணக்கான பிராசசர்கள் சேர்ந்து இருக்கும்போது ஒன்றுக்கு எப்போதாவது என்பது மொத்தத்துக்கு வாரத்தில் பல தடவை ஆகிவிடும். அந்தப் பலகைகளை நியூட்ரான் கற்றையில் வைத்துச் சோதித்து நியூட்ரான்தான் காரணம் என்று உறுதியும் செய்தார்கள்.

விமானத்துக்கு இது நேரடிப் பிரச்சினை. 2025 நவம்பர் கடைசியில் ஏர்பஸ் நிறுவனம், கடுமையான சூரியக் கதிர்வீச்சு பறப்புக் கட்டுப்பாட்டுத் தரவைக் கெடுக்கலாம் என்று சொல்லி ஏ320 குடும்ப விமானங்கள் ஆயிரக்கணக்கில் மென்பொருள் மாற்ற வைத்தது.

ஆனால் வெட்டிப்பயலின் பெல்ஜியக் கதையில் ஒரு திருத்தம். 4096 என்பது 2-இன் 12-ஆம் அடுக்கு, அதனால் ஒரு பிட் புரண்டது என்பது நியாயமான ஊகம். புரட்டியது காஸ்மிக் கதிர் என்பதற்கு நேரடிச் சாட்சியம் இல்லை, வேறு எதுவும் கிடைக்காததால் வந்த முடிவு. எந்திரத்தைச் சோதித்தார்கள், பிழை திரும்ப வரவில்லை. திரும்ப வராத குற்றத்தை எல்லாம் வானத்தின் தலையில் கட்டுவது சுலபம், வானம் மறுத்துப் பேசாது.

---

வெட்டிப்பயல்42:

சரி சரி, 256 மெகாபைட்டை வாபஸ் வாங்குகிறேன். பெல்ஜியத்தை அல்ல.

---

இராக்கோழி:

சித்தரே, பைட் எண் 6256408. எதற்குக் கேட்டீர்கள்?

---

சிலிக்கான் சித்தர்:

கோப்பை ரேமில் ஏற்றும்போது இயங்குதளம் 4096 பைட் பக்கங்களாக வெட்டி வைக்கும், பக்கங்கள் எங்கே போய் உட்கார்ந்தாலும் பக்கத்துக்குள் இடம் மாறாது. 6256408-ஐ 4096-ஆல் வகுத்தால் மீதி 1816. பதினாறடிமான எண்ணில் 718. அதாவது கெட்ட செல் என்று ஒன்று இருந்தால் அதன் முகவரி 718 என்று முடிய வேண்டும். 8-ஆல் மீதியின்றி வகுபடுகிறது, அதனால் 64 பிட் வார்த்தையின் முதல் பைட். மாறியது அந்த பைட்டின் 6-ஆம் பிட், வலமிருந்து பூஜ்ஜியம் முதல் எண்ணினால். மெம்டெஸ்ட்டில் பிழை வந்தால் பிழை பிட்கள் என்ற கட்டத்தில் கடைசியில் 40 என்று காட்ட வேண்டும் (6-ஆம் பிட் என்பது 64, பதினாறடிமானத்தில் 40). 718-ம் 40-ம் சேர்ந்து தற்செயலாகப் பொருந்த 32,768-இல் ஒரு வாய்ப்பு. முடிவு வரும் முன்னாலேயே எழுதி வைத்துவிட்டேன், இனி நான் கதையை மாற்ற முடியாது.

பக்கத்தில் ஒரு ஹீட்டரோ, மூடிய பெட்டியோ, ஏதாவது செய்து சூடாக்குங்கள். எரித்துவிடாதீர்கள்.

---

நேரங்கெட்டவன்:

பொருந்தவில்லை என்றால்?

---

சிலிக்கான் சித்தர்:

வெட்டிப்பயலிடம் மன்னிப்புக் கேட்பேன். அப்போதும் நியூட்ரான் என்று சொல்ல மாட்டேன், தெரியவில்லை என்று சொல்வேன். பிராசசரே தப்பாகக் கணக்குப் போடும் சம்பவங்கள்கூட உண்டு. பேஸ்புக் பொறியாளர்கள் 2021-இல் எழுதியிருந்தார்கள், ஒரு பிராசசரின் ஒரு கோர் மட்டும் 1.1-இன் 53-ஆம் அடுக்கை முழு எண்ணாக்கச் சொன்னால் 156-க்குப் பதில் 0 என்று சொல்லுமாம். ஒவ்வொரு முறையும். அது தயாரிப்புக் குறை, கதிரில்லை.

---

இராக்கோழி:

மூன்று நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். பெட்டியின் விசிறி வேகத்தைக் குறைத்து, முன்பக்கத்தை அட்டையால் பாதி மூடி, இரவு முழுக்க ஓட விட்டேன். ஆறு சுற்று சுத்தம். ஏழாவதில் ஒரு சிவப்பு வரி. முகவரி 293405718. பிழை பிட்கள் 00000040. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோராவது சுற்றில் திரும்ப வந்தது, அதே முகவரி. குச்சிகளை ஒவ்வொன்றாகத் தனியாகப் போட்டுப் பார்த்ததில் ஒன்றில் மட்டும் வருகிறது. அதைக் கழற்றி வைத்துவிட்டேன், இப்போது 16 ஜிபியில் ஓடுகிறது. உத்தரவாதம் இருக்கிறது, மாற்றித் தருவார்கள் என்று நினைக்கிறேன்.

---

சிலிக்கான் சித்தர்:

நல்லது. இன்னொரு வேலை இருக்கிறது, சொல்ல மனமில்லை. அந்தக் குச்சி எத்தனை காலமாக இருக்கிறது? உங்கள் செக்சம் பட்டியலும் அதே ரேமில்தான் கணக்கிடப்பட்டது. கேமராவிலிருந்து இறக்கும்போதே ஒரு படம் கெட்டிருந்தால், கெட்ட படத்துக்குச் சரியான செக்சம் போட்டு வைத்திருப்பீர்கள். மூலமும் நகலும் கச்சிதமாகப் பொருந்தும், இரண்டும் தப்பாக.

---

சர்வர்_காவலன்:

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கேமராவின் மெமரி அட்டைகளோ வேறு கணினியில் தனியாக இறக்கிய பிரதியோ இருந்தால் அதனோடு ஒப்பிடுங்கள்.

---

இராக்கோழி:

பழைய மடிக்கணினியில் மூன்று வருடப் படங்கள் தனியாக இருந்தன, அதில் நேரடியாக இறக்கியவை. ஒப்பிட்டேன். 14 ஆயிரம் கோப்புகளில் இரண்டு வேறுபடுகின்றன, என் பட்டியல்படி இரண்டுமே சரியானவை. இரண்டிலும் ஒரே ஒரு பிட். பைட் எண்ணை 4096-ஆல் வகுத்துப் பார்த்தேன், இரண்டுக்கும் மீதி 1816.

ஒன்றில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. இன்னொன்றில் படத்தின் பாதிக்குக் கீழே எல்லாம் பச்சையடித்துப் போயிருக்கிறது. கேமரா சரியில்லை என்று அப்போது நினைத்தது ஞாபகம் வருகிறது.